குசினிக்குள் போட்ட கதிரை

ஒரு வேலையில் எவ்வளவு காலம் இருக்கவேணும் என்று கேட்டால் படித்தவர்கள் வருசக் கணக்குச் சொல்லுவார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு வருசம் எண்ணத் தேவைப்படவில்லை. தேத்தண்ணி எந்த இடத்தில் கிடைக்கிறது என்று பார்த்தே முடிவெடுத்தனான்.

விளங்கச் சொல்லுகிறேன். எங்கள் பக்கத்துப் பட்டறைகள் எல்லாம் முதலாளியின் வீட்டு வளவுக்குள்தான் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தேத்தண்ணி பட்டறைக்கு வரும், தகரப் பேணியில். ஆள் கெட்டிக்காரன் என்று தெரிந்த பிறகு விறாந்தைக்குக் கூப்பிடுவார்கள். அங்கே கண்ணாடிக் கிளாஸ். பிறகொருநாள் முதலாளியின் பெண்சாதி, "எங்கட வீட்டுப் பிள்ளைதானே, உள்ளுக்கு வா" என்று குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில், கதிரை போட்டுத் தருவா. மடையன் அன்றைக்குச் சந்தோசப்படுவான். நான் அன்றைக்கே அடுத்த வேலை தேடத் தொடங்கிவிடுவேன். வீட்டுப் பிள்ளைக்கு யாராவது சம்பளம் கூட்டுவார்களா? மீன் வாங்க அனுப்புவார்கள், காஸ் சிலிண்டர் தூக்க அனுப்புவார்கள். அவ்வளவுதான் பதவி உயர்வு.

வள்ளத்தின் அடியில் சிப்பி சுரண்டிக்கொண்டிருந்த நான் கிண்ணியாவில் எஞ்சின் பட்டறைக்குப் போனதும் இப்படித்தான். அந்த முதலாளி தங்கமான மனிதர். நோன்புப் பெருநாளுக்கு என்னைக் குசினிக்குள் இருத்தி, தன் கையாலேயே வட்டிலப்பம் வைத்தார். அடுத்த மாதம் ஐஸ் கொம்பனிக்குப் போகிறேன் என்று சொல்லப் போனேன்.

"ஏன்டா, வட்டிலப்பம் பிழையோ?" என்று கேட்டார்.

"வட்டிலப்பம் திறம் முதலாளி. அதுதான் போறன்" என்றேன்.

ஐஸ் கொம்பனியிலும் தொழிலைப் பிடித்துக்கொண்டு, கதிரை வந்ததும் எழும்பிவிட்டேன். இன்றைக்கு உள் துறைமுகக் கரையில் எந்த வள்ளக்காரனையும் கேளுங்கள், என் பட்டறைக்கு வழி காட்டுவான்.

என் பெண்சாதியின் தம்பி ஒருத்தர் அன்புவழிபுரத்தில் இருக்கிறார். ஒரே கந்தோரில், ஒரே மேசையில் இருந்து பென்சன் எடுத்தவர். மேலதிகாரியின் மகளுடைய சாமத்தியச் சடங்குக்குத் தானே வாழைமரம் கட்டியதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்லுவார். பிரியாவிடைக்கு ஒரு பொன்னாடையும் ஒரு சுவர் மணிக்கூடும் கொடுத்தார்கள். நேரத்துக்குப் போக வேலையே இல்லாத மனிசனுக்கு மணிக்கூடு! அதுவும் பிந்தித்தான் ஓடுகிறது.

நான் முதலாளியான பிறகு மற்ற முதலாளிமார் செய்ததைத்தான் செய்தேன். வேறென்ன செய்வது, பட்டறை நடத்த வேண்டாமா? கிளிவெட்டியிலிருந்து ஒரு எஞ்சின் பாஸ் என்னிடம் சேர்ந்தான். எஞ்சின் திருத்துகிறவனை நாங்கள் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். கடலுக்குள் விழுந்து உப்பேறிய எஞ்சினைக்கூடக் கிளப்பிவிடுவான். பேணியிலிருந்து கிளாசுக்கு வந்தான், கிளாசிலிருந்து குசினிக்கு வந்தான். கதிரையில் குந்தினவன் எழும்பவேயில்லை. இவனுக்குச் சொரணை இல்லையோ என்று எனக்குள் சிரித்துக்கொண்டு, சம்பளத்தை அப்படியே விட்டிருந்தேன்.

போன வாடைக் காலம். கடல் அடிக்கத் தொடங்கினால் வள்ளங்களைக் கரையில் ஏற்றிவிட்டு எஞ்சின்களை எங்களிடம் கொண்டுவந்து தள்ளுவார்கள். கடல் அடங்குவதற்குள் திருத்திக் கொடுக்காவிட்டால் அந்த வள்ளக்காரன் பிறகு என் வாசல் மிதிக்கமாட்டான். பட்டறை நிறைந்து, கால் வைக்க இடமில்லை. வழக்கம்போல பெண்சாதி குசினியிலிருந்து பாஸைக் கூப்பிட்டா.

"தம்பி, தேத்தண்ணி ஆறுது, வாங்கோ."

"இல்லையக்கா, இஞ்ச வெளியால தாங்கோ. நிண்டுகொண்டே குடிக்கிறன்."

காலில் கிறீஸ் போல, அதுதான் வரவில்லை என்று அவ நினைத்தா. எனக்கு விளங்கிவிட்டது. ஐஸ் கொம்பனியை விட்டு எழும்பின கிழமை நானும் இதையேதான் சொன்னனான். இவன் போகப்போகிறான். இவன் போனால் இந்த எஞ்சின்களின் கதி?

மத்தியானம் அன்புவழிபுரத்து மச்சான் மூச்சுவாங்க வந்தார்.

"அத்தான், உங்கட பாஸ் கப்பல்துறையில கண்டி றோட்டோரமா சொந்தப் பட்டறை போட இடம் எடுத்திட்டானாம். நன்றி கெட்டவன்! கடல் அடங்குமட்டும் மறிச்சு வையுங்கோ. அவன்ட மகளின்ட படிப்பைப் பாக்கிறன் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் போதும், கால் நகராது."

"உம்மை என்ன சொல்லி மறிச்சவங்கள்? மணிக்கூடு தாறம் எண்டோ?"

நன்றியாம், நன்றி! சம்பளம் கூட்ட விருப்பமில்லாத முதலாளி கண்டுபிடித்த சாமான் அது. ஆனாலும் அந்த எஞ்சின்களைப் பார்க்கப் பார்க்க, மச்சான் சொன்ன அந்த ஒரு சொல் என் நாக்கு நுனிவரைக்கும் வந்தது.

பின்னேரம் பாஸ் மண்ணெண்ணெயில் கை கழுவிவிட்டு என் முன்னால் வந்து நின்றான்.

"முதலாளி, ஒரு கதை."

"கப்பல்துறைக் கதைதானே? சொல்லு."

"ஓம். போன வருசமே நினைச்சனான். உங்களிட்டச் சொல்ல வாய் வரேல்ல."

இதைக் கேட்டதும் நாக்கு நுனியில் இருந்தது எங்கேயோ போய்விட்டது.

"போன வருசமோ? விசரா, இவ்வளவு காலமும் இஞ்ச என்ன செய்தனீ? நான் எண்டால் அந்தக் கதிரையைக் கண்ட அண்டைக்கே போயிருப்பன்!"

"நீங்கள் கோவிப்பீங்கள் எண்டு..."

"இப்பதான் கோவம் வருது. பிந்திப் போறியே, அதுக்கு. போ!"

போனான். நான் பழைய சாரத்தைக் கட்டிக்கொண்டு திரும்ப எஞ்சினுக்குள் கை விட்டேன். கை ஒன்றையும் மறக்கவில்லை, முதுகுதான் மறந்துவிட்டது. முடிந்ததை முடித்தேன். மிச்சத்தை ஒரு சின்னப் பட்டா லொறியில் ஏற்றிக்கொண்டு நேரே கப்பல்துறைக்குப் போனனான். விட்டுப்போனவனிடமே வேலை கொடுப்பதா என்று மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். மணிக்கூட்டுக்காரருக்கு வியாபாரம் எங்கே விளங்கப்போகிறது?

பாஸ் ஒரு விலை சொன்னான். நான் பாதி கேட்டேன். அசையவில்லை. ஆள் தேறிவிட்டான்.

அந்த நேரம் பார்த்து அவனுடைய பெண்சாதி குசினி வாசலில் நின்று கூப்பிட்டா. "அண்ணை, வெயிலுக்க ஏன் நிக்கிறீங்கள்? உள்ளுக்கு வந்து தேத்தண்ணி குடியுங்கோ."

"வாங்கோ முதலாளி, நீங்கள் எங்கட வீட்டாள்தானே" என்றான் அவன். முகத்தில் ஒரு சிரிப்பு.

யாரிடம் விடுகிறான் இந்தப் பகிடியை? குசினிக்குள் போய்க் குந்தினவன் பிறகு விலை கதைக்க ஏலாது.

"இஞ்சயே தா தங்கச்சி" என்றேன். கிளாசை லொறித் தட்டில் வைத்து, நின்றுகொண்டே குடித்தேன். "இப்ப சொல்லு பாப்பம், கடைசி விலை என்ன?"