பதினெட்டு மீற்றர் நாற்பது

அம்மா, அக்கா, இது நடந்தது. போன வியாழக்கிழமை, கொழும்பில், கொட்டாஞ்சேனையில், பட்டப்பகலில் நடந்தது. எனக்குக் காய்ச்சல் இல்லை. நித்திரைக் குறைவும் இல்லை. என்னோடு இன்னொருவர் நின்றார், அவரும் பார்த்தார். இதைத் தட்டி எழுதப் பொறுமை இல்லை. அதனால் வெள்ளவத்தை அறையில் இருந்துகொண்டு நான் சொல்லச் சொல்லப் போன் எழுதுகிறது. அக்கா, உன்னுடைய பேய்க்கதைக் குழுவில் இதைப் போடப்போகிறாய் என்றால் போடு. ஆனால் கூட்டிப் போடாதே. கூட்டத் தேவையில்லை.

குழுவில் இருப்பவர்களுக்காக என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கட்டடம் கட்டும் இடத்தில் அளவு எடுப்பேன். நீளம், அகலம், உயரம். எதற்கு எவ்வளவு கொங்கிறீட் வேண்டும் என்று கணக்குப் பார்த்துக் கொடுப்பேன். வன்னியிலிருந்து வந்து எட்டு மாதம்தான். இன்னும் பழகுகிறேன்.

மூன்று நாள் விடாத மழை. வியாழன் காலை 10.50க்குக் காணியின் பின்மூலையில் 'தொம்' என்று ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. யாரோ நிலத்துக்குள் கதவை அடித்துச் சாத்தியது போல. ஓடிப்போய்ப் பார்த்தோம். ஒரு த்ரீவீல் வண்டி அளவுக்கு நிலம் உள்ளே போயிருந்தது. ஆள் உயரத்துக்கும் ஆழமான குழி. குழியின் ஒரு பக்கச் சுவரில்... வாசல். செங்கல் வளைவு. அதற்குள் இருட்டு.

எங்கள் மேற்பார்வையாளர் வின்சன்ற் அண்ணை கொட்டாஞ்சேனையிலேயே பிறந்தவர். பார்த்தவுடன் சொன்னார், இது யுத்தகாலச் சுரங்கம் என்று. எங்கள் யுத்தம் இல்லை. அதற்கு முந்தையது, இரண்டாம் உலக யுத்தம். ஜப்பான்காரன் துறைமுகத்துக்குக் குண்டு போட வந்த நாளில் சனங்கள் ஓடி ஒளிய வெட்டியதாம். அவர் முதலில் செய்த வேலை, வேலையாட்களை வரிசையில் நிறுத்தி எண்ணியது. இரண்டு தரம் எண்ணினார். பதினான்கு பேர். காலையில் கையெழுத்துப் போட்டதும் பதினான்கு பேர். ஒருவரும் விழவில்லை.

பிறகு முதலாளிக்குப் போன் எடுத்தார். முதலாளி சொன்னது எங்களுக்கும் கேட்டது. வெளியே தெரிந்தால் அதிகாரிகள் வந்து மாதக்கணக்கில் வேலையை நிறுத்துவார்கள். பின்னேரமே கொங்கிறீட் ஊற்றி மூடு. எவ்வளவு கொள்ளும் என்று அளந்து சொல்லு. உள்ளே ஆள் இல்லை என்று பார்த்து, அளந்த ஆள் குறிப்புப் புத்தகத்தில் கையெழுத்துப் போடவேண்டும்.

அளக்கிற ஆள் நான்.

"வன்னிப் பிள்ளைக்குப் பங்கர் புதுசே?" என்று வின்சன்ற் அண்ணை சிரித்தார். "நீ இறங்கு தங்கச்சி. டேப் பிடிக்க ரிப்கான் வருவான்."

ரிப்கான் நானா ஹெந்தளையில் இருந்து வருகிறவர். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்றுதான் கூப்பிடுவோம். எப்போதும் பகிடிதான். ஏணியில் இறங்கும்போதே, உள்ளுக்குள் ஜப்பான்காரன் யாரும் நின்றால் தன் சலாமைச் சொல்லும்படி கேட்டார்.

அளவு டேப் பிடிப்பதைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சைட்டில் மெஷின் சத்தத்தில் கத்தினால் கேட்காது. அதனால் டேப்பாலேயே கதைப்போம். அந்தப் பக்கம் நுனியைப் பிடித்திருப்பவர் இரண்டு இழுப்பு இழுத்தால், 'பிடித்துவிட்டேன், வாசி' என்று அர்த்தம். இந்தப் பக்கம் வாசித்தவர் ஒரு இழுப்பு இழுத்தால், 'சரி, அடுத்த இடத்துக்கு வா.' எட்டு மாதத்தில் இது என் கைக்கே பழகிவிட்டது. மூளை வேண்டாம்.

2.05க்கு உள்ளே போனேன். டேப்பின் நுனி என் கையில். சுருள் வாசலில் ரிப்கான் நானாவிடம். போன் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து நடந்தேன். அகலம் ஒன்று இருபது. உயரம் ஒன்று அறுபது. மூன்று நாள் மழை பெய்தும் உள்ளே தரை காய்ந்திருந்தது. மாவு போலப் புழுதி. அதில் என் சப்பாத்து அடையாளத்தைத் தவிர ஒன்றும் இல்லை. எலியின் கால் அடையாளம்கூட இல்லை.

இரண்டு பக்கச் சுவரிலும் இடுப்புக்குக் கீழே கறுப்புக் கறுப்பாக வட்டங்கள். வரிசையாக. எண்ணெய் பிடித்தது போல மினுங்கின. ரிப்கான் நானா பார்த்திருந்தால் பாசி என்று சொல்லியிருப்பார். எனக்குத் தெரியும். பங்கரில், அந்தப் பதுங்குகுழிக்குள், நாள்கணக்கில் குந்தியிருந்தால் தலை சாய்கிற இடம் அப்படித்தான் ஆகும்.

கடைசியில் செங்கல் சுவர். அங்கே டேப் நுனியை ஒரு உடைந்த கல்லின் கீழ் வைத்து அழுத்தினேன். நுனியைப் பிடிக்க இன்னொரு ஆளைத் தரமாட்டேன் என்று வின்சன்ற் அண்ணை சொல்லிவிட்டார். திரும்பி வாசலுக்கு வந்தேன். ரிப்கான் நானா இறுக்கிப் பிடித்தார். வாசித்தேன். பதினெட்டு மீற்றர் நாற்பது.

மேலே கத்திச் சொன்னேன். வின்சன்ற் அண்ணை ஆறு லொறி கொங்கிறீட்டுக்குச் சொல்லிவிட்டார். நேரம் 2.24.

ரிப்கான் நானா டேப்பை இழுக்கப் போனார். நான் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன்.

அம்மா, உங்களுக்குத் தெரியும் ஏன் என்று. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். 2009இல், வன்னியில் யுத்தம் முடிகிற காலத்தில், எனக்கு ஆறு வயது. இடம் இடமாக மாறினோம். ஒவ்வொரு பங்கரையும் விட்டுக் கிளம்பும்போது கடைசி ஆள் தலையை உள்ளே விட்டு மூன்று தரம் கூப்பிடவேண்டும். பிள்ளைகள் உள்ளே அயர்ந்து கிடப்பார்கள். ஷெல் சத்தத்தில் காது அடைத்திருக்கும். ஒரு தரம் கூப்பிட்டால் போதாது. மூன்றுக்கும் பதில் இல்லையென்றால்தான் போகலாம். பதில் வந்தால், ஆளை எடுக்காமல் நகரக்கூடாது. அப்பா எல்லா இடத்திலும் கூப்பிட்டார். பக்கத்துப் பங்கர்க்காரர் ஒரே ஒரு நாள் கூப்பிடவில்லை. அதை இங்கே சொல்லமாட்டேன்.

மூடப்போகிற பங்கர் ஒன்றைக் கூப்பிடாமல் விட்டுவிட்டு வர எனக்கு முடியவில்லை. முழங்காலை ஊன்றி, தலையை உள்ளே விட்டேன்.

"ஆரும் இருக்கிறியளோ?"

சத்தம் உள்ளே போனது. எதிரொலி வரவில்லை.

"ஆரும் இருக்கிறியளோ?"

ரிப்கான் நானா சிரிப்பை அடக்குவது எனக்குப் பின்னால் கேட்டது.

"ஆரும் இருக்கிறியளோ?"

ஒன்றும் இல்லை... எழும்பினேன். டேப்பில் கை வைத்தேன்.

டேப் இழுபட்டது.

இரண்டு தரம்.

இதில்தான் என் பிழை. யோசிக்கவில்லை. கண் தானாக எண்ணுக்குப் போனது. வாய் தானாகப் 'பதினெட்டு நாற்பது' என்றது. கை தானாக ஒரு இழுப்பு இழுத்தது.

சரி. வா.

டேப் தொய்ந்தது. ரிப்கான் நானாவின் கை பழக்கத்தில் சுருளைச் சுற்றியது. பிறகு நின்றது. இரண்டு இழுப்பு.

15.90.

நான் ரிப்கான் நானாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. ஆனால் கண்ணில் இல்லை.

அதற்குப் பிறகு நான் இழுக்கவில்லை. சத்தியமாக இழுக்கவில்லை.

தொய்ந்தது. சுற்றினார். இரண்டு இழுப்பு.

12.30.

"விடுங்கோ நானா."

"விட ஏலா மிஸ். கை..."

9.75.

இப்போது சத்தமும் கேட்டது. புழுதியில் தேய்க்கிற சத்தம். வெறுங்கால்கள். ஒரு ஆளின் நடை இல்லை...

6.60.

வெளிச்சம் உள்ளே நாலு மீற்றர் வரை போகும். அதற்கு அப்பால் கறுப்பு. அந்தக் கறுப்பில் இருந்து டேப் விறைப்பாக வந்துகொண்டிருந்தது. ஒரு ஆள் நின்று பிடிக்கும் உயரத்தில் இல்லை. இன்னும் கீழே.

4.10.

நின்றது.

இன்னும் ஒரு விரல் நீளம் வந்தால் வெளிச்சம்.

வரவில்லை.

காத்திருந்தது...

இரண்டு இழுப்பு. மெதுவாக.

ரிப்கான் நானா வாய்க்குள் ஏதோ ஓதினார். சுருள் கையில் இருந்து விழுந்தது. ஏணியில் நான் முதலா அவர் முதலா என்று தெரியாது. மேலே வந்து மணியைப் பார்த்தேன். 2.31.

வின்சன்ற் அண்ணைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசவில்லை. பெரிய டோர்ச் ஒன்றை எடுத்துக்கொண்டு தானே இறங்கினார். ஆறு நிமிடம். திரும்பி வந்தபோது கையில் டேப் இருந்தது. கடைசிச் சுவர் வரை போனாராம், ஒருவரும் இல்லையாம். டேப் நுனி வழியில் கிடந்ததாம். சுருட்டும் டேப்தானே, தன்பாட்டில் வந்திருக்கும் என்றார். அது சுருளில் தானாகச் சுருளும் டேப் இல்லை. கையால் சுற்றுகிறது. அது அவருக்கும் தெரியும்.

3.55க்கு முதல் லொறி வந்து வீதியில் நின்றது. முதலாளி போனில். குறிப்புப் புத்தகம் என் முன்னால்.

ரிப்கான் நானா பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நீங்க தானே கூப்பிட்டீங்க மிஸ். பதில் வந்திச்சி."

"பதினாலு பேரும் மேலதானே நிக்கினம் நானா."

"நான் இவங்களச் சொல்லல்ல."

நான் என்ன செய்வது? யாருக்காக லொறியைத் திருப்பி அனுப்பு என்று சொல்வது? என் சொல்லுக்கு இங்கே என்ன மதிப்பு? வின்சன்ற் அண்ணை பேனையை நீட்டினார். எழுதினேன். 'உள்ளே பார்க்கப்பட்டது. ஆள் இல்லை.' கீழே என் பெயர். தனுஷியா. 4.12.

4.35க்கு ஊற்றத் தொடங்கினார்கள். வாசலைப் பலகையால் அடைத்து, மேலால் குழாயை விட்டார்கள். காற்றுப் போக இரண்டு ஓட்டையும் வைத்தார்கள். இரண்டு லொறி முடிந்து, மூன்றாவது பின்னுக்கு வந்துகொண்டிருந்த நேரம். குழாய் சும்மா இருந்தது. எல்லாம் அமைதி.

அப்போது பலகையில் தட்டுகிற சத்தம் கேட்டது.

இரண்டு தட்டு. இடைவெளி. இரண்டு தட்டு.

5.02.

எல்லோருக்கும் கேட்டது. சிங்களப் பெடியன் ஒருவன் மண்வெட்டியைக் கீழே வைத்தான். நான் வின்சன்ற் அண்ணையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கொங்கிறீட்டை அதிரவைக்கும் மெஷின் பக்கம் கையைக் காட்டினார்.

"மல்லி, மெஷின் எக்க தான்ன."

தம்பி, மெஷினைப் போடு என்று சிங்களத்தில் சொன்னார். போட்டான். அந்தச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. 5.09 அளவில் ஒரு தரம் மெஷினை நிறுத்தினார்கள். தட்டவில்லை.

6.20க்கு நிரம்பிவிட்டது. ஆறாவது லொறி பாதியோடு திரும்பிப் போனது.

இது வியாழக்கிழமை. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. கனவுகூட வரவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

இன்று திங்கள். காலையில் அலுவலகத்தில் இருந்து இன்ஜினியர் போன் எடுத்தார். ஆறாவது லொறி பாதியோடு திரும்பியிருக்கிறதே, ஏன் தேவைக்குக் கூடுதலாகக் கொங்கிறீட் எடுத்தாய் என்று கேட்டார். லொறிச் சீட்டுகளை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். என் அளவுப்படி உள்ளே 35.3 கனமீற்றர் கொள்ளவேண்டும். போனது 33.2. இரண்டு புள்ளி ஒன்று குறைவு. மண்ணுக்குள் கொங்கிறீட் எப்போதும் கூடத்தான் போகும். இடுக்குக்குள் எல்லாம் ஓடும். குறைந்து நான் பார்த்ததில்லை. காற்று அடைபட்டிருக்கும் என்றார் இன்ஜினியர். நானும் ஓம் என்று சொல்லிவிட்டு வைத்தேன். காற்றுப் போக ஓட்டை வைத்ததை நான் அவருக்குச் சொல்லவில்லை.

பிறகு போனில் ஒன்றைத் தேடிப் பார்த்தேன். தேடியிருக்கக்கூடாது. ஒரு மனித உடம்பு எவ்வளவு இடம் பிடிக்கும்? கிட்டத்தட்ட அறுபத்தைந்து லீற்றர்.

இரண்டு புள்ளி ஒரு கனமீற்றர் என்றால் 2,100 லீற்றர். அதை 65ஆல் பிரித்தேன். முப்பத்திரண்டு.

தேநீர் நேரம், 10.15க்கு, அந்தத் தாளை ரிப்கான் நானாவிடம் காட்டினேன். அவர் பிளேன்டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு விரலால் ஒவ்வொரு வரியாக வாசித்தார். பிறகு தாளை மடித்து என் கையிலேயே திருப்பித் தந்தார்.

"இது பெரிய ஆக்கள்ட கணக்குத்தானே மிஸ்," என்றார். "சின்னப் புள்ளைகளும் இருந்தா, இன்னும் கூட வரும்."