சின்ன மாப்பிள்ளைக்குக் கொடுக்காத பொடி ஃபைல்

அந்த வீட்டில் பெண்கள் இரண்டு. மூத்தவளைக் கட்டியவர் பெரிய மாப்பிள்ளை. அவளைவிட ஒன்பது வயது இளைய தங்கையைக் கட்டியவன் சின்ன மாப்பிள்ளை. பெரிய மாப்பிள்ளை குடிநீர் ஆபீஸின் வரைபட அறையில் பதினேழு வருஷம் குப்பை கொட்டியவர். 'மேப்பண்ணன்' என்றால்தான் வாசல் வாட்ச்மேனுக்கே தெரியும். சகலைக்கு அங்கேயே சிபாரிசு செய்து வேலை வாங்கித் தந்ததும் அவர்தான். தன் வயிற்றெரிச்சலுக்குத் தானே நாற்காலி இழுத்துப் போட்ட மனுஷர்!

ஆறே மாதம். "சின்ன மேப்பு வந்தாச்சா?" என்று இன்ஜினீயரம்மா காலையில் அவனைத்தான் முதலில் தேடினார். வீட்டிலோ மனைவி, "என் தங்கச்சி வீட்டுக்காரர் கம்ப்யூட்டர்ல கைய வச்சா பேசுமாமே. நீங்களும்தான் வச்சிருக்கீங்க, கைய" என்றாள்.

அறைத் தலைவர் அந்த மாதம் ஓய்வு பெறுகிறார். அந்த இடம் தனக்குத்தான் என்று பெரிய மாப்பிள்ளை பல வருஷமாக மனசில் துண்டு போட்டு வைத்திருந்தார். இன்ஜினீயரம்மாவோ, விமானத்திலிருந்து எடுத்த நாற்பது பழைய படங்களின்மேல் நிலத்தடிக் குழாய்களை வரைந்து திங்கட்கிழமை காட்டும் வேலையைச் சின்னவனிடம் கொடுத்துவிட்டார். "படமெல்லாம் மேப்பண்ணன்கிட்ட இருக்கும், வாங்கிக்கோ."

ஒவ்வொரு படத்துக்கும் அதே பெயரில் ஒரு பொடி ஃபைல் உண்டு. உருண்டை பூமியை எந்தக் கணக்கில் தட்டையாக விரித்தார்கள் என்பது அதில்தான் இருக்கும். அது இல்லாவிட்டாலும் படம் திறக்கும். ஆனால் எங்கே உட்காருவது என்று அதற்குத் தெரியாது. நாற்பது பொடி ஃபைலையும் ஒன்பது வருஷத்துக்கு முன் எழுதி வைத்தவர் பெரிய மாப்பிள்ளை. இப்போது பென்டிரைவில் படங்களை மட்டும் ஏற்றினார். மறதியில்லை. மனசு சொன்னது, கை செய்தது.

மத்தியானம் சின்னவன் வந்து நின்றான்.

"அண்ணே, படமெல்லாம் நடுக்கடல்ல போய் நிக்குது. பக்கத்துல கேள்விக்குறி வேற."

"பழசு தம்பி, அப்படித்தான் இருக்கும்."

"கூடச் சின்னதா ஃபைல் ஏதும் இல்லையாண்ணே?"

"இருந்தா குடுக்காமலா இருப்பேன்? நல்லாக் கேட்ட போ!"

சின்னவன் முகம் வாடியது. பெரிய மாப்பிள்ளைக்கு அன்றைக்கு டீக்குச் சர்க்கரையே தேவைப்படவில்லை.

ஆனால் அவன் சும்மா இருக்கவில்லை. இன்றைய தெரு வரைபடத்தை அடியில் விரித்தான். ஒவ்வொரு கணக்காகக் கொடுத்துப் பார்த்தான். படத்திலுள்ள தண்ணீர்த் தொட்டி, வரைபடத்துத் தொட்டியின்மேல் வந்து உட்காரும்வரை விடவில்லை. திங்கட்கிழமை நாற்பதும் இடத்தில் இருந்தன. "அண்ணன் படங்கள பத்திரமா வச்சிருந்ததாலதான் முடிஞ்சுதும்மா" என்று வேறு சொன்னான். தலைவர் நாற்காலி அவனுக்குப் போனது.

பெரிய மாப்பிள்ளைக்கு இரண்டு நாள் தூக்கம் இல்லை. நாற்பதில் ஒன்றாவது தப்பாக இருக்காதா? தன் பொடி ஃபைல்களைத் திறந்து சின்னவனின் கணக்கோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். முப்பத்தாறு வரைக்கும் அச்சுப் பிசகவில்லை. முப்பத்தேழாவது ஒத்துப்போகவில்லை!

காலில் செருப்புக்கூட மாட்டாமல், பொடி ஃபைல்கள் இருந்த பென்டிரைவோடு சின்னவன் மேஜைக்கு ஓடினார். "தம்பி, முப்பத்தேழு தப்பு! இந்தா பாரு, என் ஃபைல்ல வேற போட்டிருக்கு!"

சின்னவன் பென்டிரைவையே பார்த்துக்கொண்டிருந்தான். "இந்த ஃபைல் உங்ககிட்ட இருந்துச்சாண்ணே?"

அப்போதுதான் பெரியவருக்குத் தான் வாயை விட்டது புரிந்தது.

சின்னவன் அதற்குமேல் கேட்கவில்லை. இரண்டு கணக்கையும் திரையில் போட்டான். அவன் கணக்கில் தொட்டி தொட்டியின்மேல் நின்றது. பெரியவர் கணக்கில் அதே தொட்டி இருநூறு மீட்டர் தள்ளி, நட்ட நடு ரோட்டில் நின்றது. ஒன்பது வருஷமாக அங்கேதான் நின்றிருக்கிறது. யாரும் பார்க்கவில்லை.

"பழைய படத்துக்குப் பூமியோட பழைய அளவப் போடணும், நீங்க புதுசப் போட்டுட்டீங்கண்ணே" என்றான், கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்து. "நானே மாத்தி வச்சிடறேன். வீட்லயும் சொல்ல மாட்டேன்."

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டானே பாவி என்று பெரிய மாப்பிள்ளைக்கு அடிவயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

"மாத்து" என்றார்.