மணியின்ர மீசையும் விக்கிற மொனிற்றரும்

கொம்பியூட்டர் திருத்துற தொழிலில பாதி வேலை காதுக்குத்தான். வாற சனம் தன்ர தன்ர பாஷையிலதான் வருத்தத்தைச் சொல்லும். கேமுக்குள்ள படம் தடங்கித் தடங்கிப் போறதை முல்லைத்தீவுக் கரையில இருந்து வாறவை "அலை தூக்கிப் போடுது" எண்டுவினம். நெடுங்கேணிப் பெடியள் "மிசின் முக்குது" எண்டுவாங்கள். ஸ்கந்தபுரத்து மணி சொன்னது "விக்குது", தண்ணி குடிக்கேக்க விக்கல் எடுக்குமே, அதுமாதிரி. நல்ல மொனிற்றர் வைச்சிருந்தும் படம் விக்கி வயிறெரிஞ்ச சனமே, இது உங்களுக்குத்தான்.

மீசைப் பந்தயம்

மணி வயல்காரன், ஐம்பதை எட்டப்போற ஆள். விசுவமடுவில இருக்கிற என்ர கடைக்கு வந்து, ஹெல்மெற்றும் கழட்டாமல் கதையைத் தொடங்கினார். கனடாவில இருக்கிற மனுசியின்ர தம்பி ரவி அவருக்கொரு மொனிற்றர் அனுப்பியிருக்கிறார், செக்கனுக்கு நூற்றிநாற்பத்திநாலு தரம் படம் மாத்துற சாமான். ஞாயிறு பின்னேரங்களில அத்தானும் மச்சானும் இன்ரநெற்றில கார் ஓட்டப் போட்டி.

வாற ஞாயிறு கடைசி ஓட்டம். திங்கள் ரவி பிளேன் ஏறுறார், வெள்ளி மணியின்ர மகளுக்குக் கலியாணம். தோக்கிறவர் மீசையை வழிச்சுப்போட்டுத்தான் பந்தலில நிக்கோணும். மணியின்ர மீசையெண்டால் லேசுப்பட்டதில்லை, ஹெல்மெற்றுக்கு வெளியிலயும் கொஞ்சம் தெரிஞ்சுது.

"ராணியக்கா, வளைவு வந்தவுடன கார் விக்குது. என்ர மீசை இப்ப உங்கட கையில" எண்டார்.

அலுமாரிக்குள்ள வயர்

அடுத்தநாள் அவையின்ர வீட்டை போனன். நூற்றிநாற்பத்திநாலில ஓடவேண்டிய மொனிற்றர் அறுபதில ஓடிக்கொண்டிருக்குது. கூட்டுவம் எண்டு செற்றிங்கைத் திறந்தால், அறுபதுக்கு மேல அங்க ஒண்டுமில்லை. பின்னால எட்டிப் பாத்தன், பழைய ரிவியில இருந்து கழட்டின வயர் கொளுவிக் கிடக்குது.

பெட்டியோட வந்த வயர் எங்கயெண்டு கேட்டன். மணியின்ர மனுசி பவளம் போய் அலுமாரியைத் திறந்து, மகளின்ர கூறைச் சீலைக்குப் பக்கத்தில இருந்து அதை எடுத்துக்கொண்டு வந்தா. பொலித்தீன் கூடப் பிரிக்கேல்லை. மாத்திக் கொளுவினன், நூற்றிநாற்பத்திநாலு வந்திட்டுது. மணிக்கு வாயெல்லாம் பல். பவளத்துக்கு மட்டும் முகம் வாடிப்போச்சு.

"புது வயரக்கா, கலியாணம் முடிய எடுப்பமெண்டு வைச்சிருந்தனான்."

பெட்டிக்குச் சட்டை

பாதி ஓட்டம் நல்லாத்தான் போச்சுது. பிறகு பாத்தால் பழையபடி விக்கல். மேசைக்குக் கீழ குனிஞ்சன். கொம்பியூட்டர்ப் பெட்டிக்குப் பவளம் சட்டை தைச்சுப் போட்டிருக்கிறா, கதவுச் சீலையில மிஞ்சின துணி, கீழ சுருக்கு வேற. முன்னால உழவு மெசின் போற கிரவல் றோட்டு, புழுதி உள்ள போகக்கூடாதாம். காத்துப் போற ஓட்டைக்குள்ள வாணி விழாவுக்கு வைச்ச செவ்வரத்தம்பூ காய்ஞ்சுபோய் இருக்குது. பிறகு அந்தப் பெட்டி எப்பிடி மூச்சு விடும்? சூடு ஏற ஏற, எரிஞ்சு போகாமல் இருக்கத் தானாகவே வேகத்தைக் குறைக்குது, அதுதான் விக்கல். மணி பெட்டியைத் தொட்டுப்போட்டுக் கையை உதறினார்.

சட்டையைக் கழட்டிப் பூவையும் எடுத்தன். பவளம் சட்டையை மடிச்சு நெஞ்சோட வைச்சுக்கொண்டு சொன்னா:

"மாப்பிள்ளை வீட்டுக்காரர் வாற நேரம் பெட்டி உரிஞ்சுபோட்டு நிக்கிறதோ?"

தண்ணி முறை

அதுக்குப் பிறகும் வளைவில மட்டும் சின்ன ஒரு துள்ளல். செக்கனுக்கு எத்தினை படம் எண்டு காட்டுற இலக்கத்தைப் பாத்தன். நேர் றோட்டில நூற்றிநாற்பதுக்குப் போற படம், மரமும் சனமும் வாற வளைவில எண்பதுக்கு விழுகுது. கேமுக்குள்ள காட்டுற நிழல், புல்லுப் பூண்டு எல்லாத்தையும் குறைச்சு, எங்கயும் தொண்ணூறுக்குக் கீழ விழாமலும் தொண்ணூறைத் தாண்டாமலும் கட்டிவிட்டன். கேமின்ர வேகத்துக்கு மொனிற்றரும் ஒத்துப்போற செற்றிங்கையும் போட்டன்.

மணிக்கு மனமில்லை. நூற்றிநாற்பத்திநாலை வைச்சுக்கொண்டு தொண்ணூறோ எண்டு நிண்டார். "குளத்துத் துருசைக் கண்டபடி திறந்து திறந்து பூட்டினால் உம்மட பயிருக்குச் சுகமோ, அளவா ஒரே சீரா விட்டால் சுகமோ?" எண்டு கேட்டன். வளைவில காரை மெல்ல உருட்டிப் பாத்தார். ஒரு துள்ளலும் இல்லை.

"அப்ப கேமுக்கும் தண்ணி முறை வைச்சுப்போட்டியள்."

ஞாயிறு

கலியாண வேலையை விட்டுப்போட்டு வீடு முழுக்க மொனிற்றருக்கு முன்னால, நானும்தான். ரவி ஸ்பீக்கரில, "அத்தான், சவர்க்காரம் நுரைச்சு வைச்சாச்சோ?" எண்டு நக்கலடிக்கிறார். ஓட்டம் தொடங்க மணிதான் முன்னுக்கு. படம் அப்பிடி வழுக்கிக்கொண்டு போகுது, எனக்கே பெருமை. வளைவு வந்துது. மணியின்ர கார் திரும்பேல்லை. வேலியைப் பிச்சுக்கொண்டு நேர கடலுக்குள்ள போச்சுது.

ரெண்டாம் சுற்றிலயும் அதே வளைவு, அதே கடல். "பிரேக்கைப் பிடியும் மணி" எண்டு கத்தினன். "விக்கினால்தானே அக்கா பிடிக்கிறனான்" எண்டார். அப்பதான் எனக்கு விளங்கிச்சுது. இத்தனை நாளும் படம் விக்குற இடத்திலதான் மனுசன் பிரேக்கில கால் வைச்சிருக்கிறார். நான் விக்கலை நிப்பாட்டினன், பிரேக்கும் போச்சு.

சும்மா சொல்லக்கூடாது, மணி சொன்ன சொல்லு மாறேல்லை. கிணத்தடிக்குப் போய் வழிச்சுப்போட்டு வந்து நிண்டார். பவளம் கிட்டப் போய், நாடியைப் பிடிச்சு முகத்தை அங்கால இங்கால திருப்பிப் பாத்தா.

"உந்த மனுசனை நான் இண்டைக்குத்தான் காணுறன். வடிவாத்தான் இருக்கிறார், இப்பிடியே கிடக்கட்டும்."

இப்ப ஆர் வந்து கேம் விக்குது எண்டாலும், அந்த விக்கலால உங்களுக்கு ஏதும் அலுவல் நடக்குதோ எண்டு கேட்டுப்போட்டுத்தான் நான் பெட்டியில கை வைக்கிறது.