ஒன்பது நாள் உப்பு

இலங்கையில் கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில் செசிலி பதினாறு வருடங்களாக வேலை செய்கிறாள். பகல் பன்னிரண்டரைக்குப் பிள்ளைகள் தூங்கிவிடும். அதன்பின் இரண்டு மணிவரை அவள் ஒரு குலத்தின் தலைவி.

குலம் கைபேசியில் இருக்கிறது. மந்திரவாதிகளும் இறக்கை முளைத்த குதிரைகளும் உலவும் ஒரு விளையாட்டில், மலைக்குருவி என்ற பெயரில், நாற்பது பேரை மூன்று வருடங்களாக அவள் நடத்துகிறாள். கொழும்பிலிருந்தும் கட்டாரிலிருந்தும் விளையாடுகிறவர்கள்கூட எதையாவது தீர்மானிக்க வேண்டுமென்றால் அவளைக் கேட்பார்கள். பிள்ளைக் காம்பராவில் அவளை யாரும் கேட்பதில்லை, சொல்வார்கள். இதெல்லாம் வெறும் விளையாட்டு என்று யாராவது சொன்னால் செசிலி சிரிப்பாள், ஒத்துக்கொள்ள மாட்டாள்.

இந்த வாரம் அந்தத் தலைமை கைவிட்டுப் போகும் போலிருந்தது. குலத்தின் களஞ்சியத்தில் உப்பு ஒன்பது நாளைக்குத்தான் இருந்தது. உப்புத் தீர்ந்தால் குதிரைகள் சாகும், பிறகு வீடு வீடாக ஊர் காலியாகும்; விளையாட்டின் விதி அது. உப்பு மலை இருப்பது ஆற்றுக்கு அப்பால், எதிர்க்குலத்தின் கையில். பண்டமாற்றுக்குக் கேட்டு அனுப்பிய ஓலைக்குப் பதில் இல்லை. வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குள் தலைவி போர் அறிவிக்காவிட்டால், தலைவியை மாற்ற வாக்கெடுப்பு.

வெள்ளிக்கிழமை ஒன்றரைக்கு அவள் சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான ஜன்னலோரத்தில் கைபேசியைக் காதோடு ஒட்டி நின்றாள். குலத்தார் எல்லோரும் கேட்கும் குழு அழைப்பில் பேசியது நிஷாந்த். ஸ்பிரிங்வெளித் தோட்டத்துப் பையன், கொழும்பில் துணிக்கடையில் வேலை.

"அக்கா, நாம சாகப் போறோம். இருக்கிறவன்கிட்ட எடுக்கிறது எப்பிடித் தப்பாகும்?"

"அவன்கிட்ட எவ்வளவு இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"மலையே அவனோடதுதானே!"

"மலை அவனோடது. உப்பு இருக்கா?"

"ஆயாம்மா வேலைய பிள்ளைங்ககிட்டப் பாருங்க அக்கா. இங்க தலைவி வேலையப் பாருங்க."

அழைப்பில் இருந்த பலர் சிரிக்கும் படங்களை அனுப்பினார்கள். நிஷாந்த் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. பசியில் சாகிறவனிடம் பொறுமையைப் பேசுவது, வயிறு நிறைந்தவர்களுக்குச் சுலபம்.

ஆனால் அவளுக்கு வேறொன்று நினைவிருந்தது. நான்கு வருடங்களுக்கு முன்பு, எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு வந்தபோது, பிள்ளைகளுக்கான பால்மாவும் குறைந்தது. செசிலி யாரிடமும் சொல்லாமல் எல்லோருக்கும் ஒரே அளவில் பாதியாக்கினாள். தோட்டத்து வரிசை வீடுகளில் மேல் லயத்துப் பெண்கள், கீழ் லயத்துப் பிள்ளைகளுக்கு அதிகமாகப் போகிறது என்றார்கள். கீழ் லயத்தார் அதையே திருப்பிச் சொன்னார்கள். ஒருநாள் இருவர் தலைமயிரைப் பிடித்துக்கொண்டதில் சுடுதண்ணீர்க் கேத்தல் சரிந்து, ஹனா என்ற மூன்று வயதுப் பிள்ளையின் கால் வெந்தது. அன்றும் அளவு சரியாகத்தான் இருந்தது. யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். மறுநாள் முதல் பால்மா டின் வாசலருகே மேசையில், மூடியில்லாமல் இருக்கிறது. வருகிறவர்கள் அடிவரைக்கும் எட்டிப் பார்க்கலாம்.

விளையாட்டில் ‘களஞ்சியத்தைத் திறந்து காட்டு’ என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் எதிரிக்கு எல்லாம் தெரியும். யாரும் அதை அழுத்தியதில்லை.

ஒன்று ஐம்பதுக்குச் செசிலி அழுத்தினாள்.

குலத்தார் வசை பொழிந்தார்கள். துரோகி என்றார்கள். "வாங்க, வந்து வெட்டுங்கன்னு கழுத்தக் காட்டிட்டாங்க!" என்று நிஷாந்த் கத்தினான். ஜன்னலோரத் தொட்டிலில் ஒரு குழந்தை சிணுங்கியது. செசிலி ஒரு கையால் ஆட்டிக்கொண்டே திரையைப் பார்த்தாள். இரண்டு மணிக்கு வாக்கெடுப்பு தொடங்கி, ஐந்து நிமிடத்தில் முடிவு வந்தது. மாற்ற வேண்டும் என்று இருபத்தேழு பேர், வேண்டாம் என்று பதினொரு பேர். மலைக்குருவியின் பெயருக்குப் பக்கத்திலிருந்த கிரீடம் நிஷாந்தின் பெயருக்குப் போனது.

அவளுடன் வேலை செய்யும் ரொஷானி ஜன்னலடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளும் அதே குலம்தான்.

"நானும் மாத்தச் சொல்லித்தான் போட்டேன் அக்கா. பயமாயிருந்துச்சு."

"எனக்கும் பயந்தான் புள்ள."

இரண்டே காலுக்கு ஆற்றுக்கு அப்பால் எதிர்க்குலத்தின் களஞ்சியம் திறந்தது. உப்பு, ஆறு நாளைக்கு. மலையின் படத்தில் முக்கால்வாசி சாம்பல் நிறம். அங்கே இனித் தோண்ட ஒன்றுமில்லை.

செசிலிக்கு மூச்சு வந்தது. அது ஒரு நிமிடம்தான். புதிய தலைவன் பேசினான்:

"நம்மள விடக் கம்மி. அப்ப நாளைக்கு அவன் நம்ம மேல பாய்வான். முந்திக்கணும்."

இதைச் செசிலி எதிர்பார்க்கவில்லை. திறந்து காட்டினால் சந்தேகம் போகும் என்று நினைத்தாள். பயம் போகாது என்பதை நினைக்கவில்லை.

ரொஷானி தன் கைபேசியை வாயருகே கொண்டுபோனாள். "ஏன் நிஷாந்த், கொஞ்சம் முன்னாடி அவன்கிட்ட நிறைய இருக்கு, அடிக்கணும்னே. இப்பக் கம்மியா இருக்கு, அடிக்கணும்ங்கிற. எவ்வளவு இருந்தா அடிக்க மாட்டே? அதச் சொல்லு முதல்ல."

இரண்டரை ஆயிற்று. குலத்தின் கொடிமரத்தில் போர்க்கொடி ஏறவில்லை, அமைதிக்கொடியும் ஏறவில்லை.

"அக்கா, அவங்கக்கிட்ட நெசமாவே நிறைய இருந்து, தராம இருந்திருந்தா?" என்று ரொஷானி மெதுவாகக் கேட்டாள்.

செசிலி தொட்டிலை ஆட்டினாள். "தெரியலடி. நானே அடிக்கச் சொல்லியிருப்பேனோ என்னவோ."

மூன்று மணிக்குப் பாக்கியலெட்சுமி கூடையை வெளியே இறக்கிவிட்டுக் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க வந்தாள். வாசலில் நின்று வழக்கம்போல் டின்னை எட்டிப் பார்த்தாள். அடி தெரிந்தது. இந்த மாதத்துப் பால்மா இன்னும் வரவில்லை.

"நாளைக்கு வருங்களா?"

"சொல்லத் தெரியலம்மா. ரெண்டு நாளைக்கு இருக்கு."

பாக்கியலெட்சுமி மறுபடியும் எட்டிப் பார்த்தாள். "சின்னதுகளுக்குக் குடுங்க. எம்பெரியவன் பாலில்லாம சாயத்தண்ணி குடிப்பான்."

செசிலி தலையசைத்தாள். இரண்டு நாள் கழித்தும் இவள் இதையே சொல்வாளா என்று அவளுக்குத் தெரியவில்லை. கரண்டியால் பால்மாவை அளந்து போட்டாள். நடுவில் ஒருமுறை ஜன்னலோரம் வைத்திருந்த கைபேசியைத் திருப்பிப் பார்த்தாள். கொடிமரம் இன்னும் வெறுமையாகத்தான் இருந்தது.