மூன்றாவது முழுக்கு

மூடியை இறுக்கித் திருகி, காதருகே ஒருமுறை குலுக்கிப் பார்த்து, டப்பாவை வாளித் தண்ணீருக்குள் அமுக்கி, மேலே ஒரு செங்கல்லை வைத்ததும் வாஷர் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். தண்ணீருக்குள் போனது டப்பா. மூச்சுப் பிடிப்பது இவர். ஒரே ஒரு குமிழ் மேலே வந்தால் போதும், டப்பாவைத் தூக்கிக் குளியலறை மூலையில் போட்டுவிடுவார். போன மாதம் ஒரு காலையில் மட்டும் அந்த மூலையில் ஏழு டப்பாக்கள் கிடந்தன. சமையலறையில் சாமான் இருந்தது, டப்பா இல்லை. மனைவி சர்க்கரையைக் குவளையில் கொட்டி வைத்திருந்தார்.

வாஷருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் எந்தச் சட்டையைப் போட்டாலும் பையில் நாலு ரப்பர் வாஷராவது இருக்கும் என்பதால் தெருவுக்கெல்லாம் அவர் வாஷர்தான். முப்பது வருடமாகக் குழாய் வேலை. ஒழுகலைச் சரிசெய்ததும் இணைப்பைச் சுற்றி மெல்லிய டிஷ்யூ காகிதம் ஒன்றைக் கட்டிவிட்டு வருவார். மறுநாள் போய்த் தொட்டுப் பார்ப்பார். காய்ந்திருந்தால் காதில் செருகிய பென்சிலை எடுத்து, தொட்டிக்கு அடியில், யார் கண்ணிலும் படாத இடத்தில் தேதியை எழுதுவார். "ஆளு பொய் சொல்லுவான். காகிதம் சொல்லாது" என்பது அவர் வேதம்.

தண்ணீரில் கைவைத்தே பிழைத்த இந்த மனிதருக்கு நீச்சல் தெரியாது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் முகம் வெளுத்துவிடும். மனைவியோ நகர நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கிறவர். நல்ல ஜோடிப் பொருத்தம் என்று அவர் மச்சினன் வாய் ஓயாமல் சொல்லிச் சிரிப்பான்.

அந்த மச்சினன்தான் இந்தப் பித்தை வீட்டுக்குள் கொண்டுவந்தவன். ஊரில் எங்காவது ஒரு பெட்டியை ஒளித்துவிட்டு, அது இருக்கும் இடத்தின் குறியெண்களை இணையத்தில் போட்டுவிட வேண்டும். முன்பின் தெரியாத யார் யாரோ கைப்பேசியைப் பார்த்தபடி தேடி வருவார்கள். பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் குட்டி நோட்டில் பெயரெழுதி, மறுபடி அங்கேயே வைத்துவிட்டுப் போவார்கள். அவ்வளவுதான் விளையாட்டு. 'இதில் என்ன இருக்கிறது?' என்று கேட்ட வாஷர், ஆறே மாதத்தில் மச்சினனையே மிஞ்சிவிட்டார். பூங்கா பெஞ்சுக்கு அடியிலும் பாலத்துக் கம்பியிலும் ஒளிக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள்; தான் ஏரிக்குள் ஒளிக்கப்போவதாக அறிவித்தார். "தண்ணி நம்ம ஆளு" என்றார்.

நம்ம ஆளுதான் அவருக்கே தண்ணி காட்டியது.

முதல் டப்பா, பக்கவாட்டில் கொக்கி மாட்டும் நல்ல கெட்டி டப்பா. அதற்குள் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, மூடி, வெளியே டிஷ்யூவைச் சுற்றி, ஒரு முழு நாள் தலைகீழாகத் தொங்கவிட்டார். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. காகிதம் மொறமொறவென்று இருந்தது. சந்தோஷமாக டப்பாவைத் துடைத்து, நோட்டை உள்ளே வைத்து மனைவியிடம் கொடுத்தார். படகு வாடகைக்கு விடுகிறவரிடம் அனுமதி வாங்கியிருந்தார்கள். படகுத்துறைத் தூணின் அடியில், இரண்டு ஆள் ஆழத்தில், மனைவி அதைக் கட்டிவிட்டு வந்தார். மூன்றே வாரத்தில் நோட்டு கூழாகிவிட்டது. வந்து மூழ்கி எழுதிய பதினொரு பேரின் பெயரும் அதோடு போயிற்று. முப்பது வருடமும் அவர் தடுத்தது உள்ளேயிருந்து வெளியே வரும் தண்ணீரை. வெளியேயிருந்து உள்ளே வரப்பார்க்கும் தண்ணீரை அவர் அதுவரை சந்தித்ததே இல்லை.

கண்டுபிடித்தவர் ஒருவர் விளையாட்டின் இணையப் பக்கத்தில் ஒரு வரி எழுதினார்: "இதை வச்சவரு பிளம்பராமே. நல்லவேளை, எங்க வீட்டுக் குழாயை அவரு தொடல." வாஷர் அன்று மதியம் சாப்பிடவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று மனைவி சொல்லிப் பார்த்தார். சறுக்கியது யானை இல்லையே, யானைக்கு லாடம் அடிக்கிறவன் ஆயிற்றே என்று முனகினார். யானைக்கு யார் லாடம் அடிக்கிறார்கள் என்று கேட்கும் துணிச்சல் யாருக்கும் வரவில்லை.

இரண்டாவது டப்பா வாளிச் சோதனையில் தேறியது. ஏரியில் ஒரு வாரம் கிடந்ததும் உள்ளே நாலே சொட்டு. ஆனாலும் நோட்டின் ஓரம் ஊறிவிட்டது. காரணம் கண்டவர் மனைவிதான். அடுப்பு பக்கத்துல வச்சு மூடினீங்கல்ல, சூடா மூடின பாட்டில் ஆறினா மூடியை உள்ள இழுக்கும், அதுமாதிரி இது தண்ணியை இழுத்திருக்கு என்றார். வாஷருக்கு அந்த நிமிடம் மனைவியைத் தூக்கிச் சுற்றவேண்டும் போலிருந்தது. ஆனால் விளையாட்டை நடத்துகிறவர்கள் எழுதிவிட்டார்கள்: இன்னொரு முறை நனைந்தால் அந்தப் பெட்டியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்களாம். மனைவியும் கறாராகச் சொன்னார்:

"இதுதாங்க கடைசி முழுக்கு. அப்புறம் நீங்களே குதிச்சுக்குங்க."

அப்படிப் பிறந்ததுதான் ஏழு டப்பாக்களின் அந்தக் காலை. எட்டாவதாக வாளிக்குள் போனது ஒரு குழாய். பிளாஸ்டிக் சோடா பாட்டிலை ஆலையில் ஊதிப் பெரிதாக்கும் முன், கையளவு நீளத்தில், கண்ணாடிபோலக் கெட்டியாக இருக்குமே, அது. மச்சினன் எங்கோ கேட்டு வாங்கி வந்திருந்தான். மூடிக்குள் பொருந்த ஒரு வாஷரைத் தேடி வாஷர் தன் ஆறு சட்டைகளின் பைகளையும் கவிழ்த்தார். பதினான்காவது வாஷர் கச்சிதமாக உட்கார்ந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அதன் விளிம்பைச் சுற்றிப் பார்த்தார். ஒரு தலைமுடி ஒட்டியிருந்தாலும் அதன் வழியே ஏரியே உள்ளே வந்துவிடும். குமிழ் வரவில்லை. செங்கல்லை எடுக்காமல் மேலும் ஒரு மணி நேரம் வாளிக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அப்போதும் வரவில்லை. அந்த மனிதர் ஈரக் குளியலறையில் ஆடினார் என்று மச்சினன் சொல்கிறான். நம்பலாம்.

இந்த முறை எல்லாம் ஏரிக்கரையில் நடந்தது. திறந்த குழாயை நிழலில் அரைமணி நேரம் ஆறவிட்டார். நோட்டைச் சுருட்டி வைத்தார். டிஷ்யூவை மடித்து, இப்போது உள்ளே வைத்தார். மூடினார். மிதக்காமலிருக்க ஒரு பழைய பித்தளைக் குழாய்த் தலையைக் கம்பியால் கட்டினார். மனைவி மூழ்கி வைத்துவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் வாஷர் வேலைக்குப் போன வீடுகளிலெல்லாம் குழாயைவிட ஏரியைப் பற்றித்தான் பேசினார். ஒரு வீட்டில் சுடுதண்ணீர்க் குழாயைக் குளிர்தண்ணீருக்கு மாட்டிவிட்டு, பாதித் தெரு போய்விட்டுத் திரும்பி ஓடினார்.

ஞாயிறு காலை படகுத்துறையில் மனைவி நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குதித்தார். வாஷர் பலகையின் நுனிவரை போய்விட்டார். மச்சினன் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மனைவியின் தலை மேலே வந்தது, கையில் குழாய். பலகையில் ஏறி உட்கார்ந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட அவர் மூடியில் கை வைத்தார்.

"தொடாத, தொடாத. உன் கையில பூரா ஏரி இருக்கு" என்று வாஷர் பிடுங்கிக்கொண்டார். குழாயின் வெளிப்புறத்தைச் சட்டையால் நாலு முறை துடைத்தார். கையை வேட்டியில் துடைத்தார். திருகினார். மூடி திறந்தது. இரண்டு விரலால் காகிதத்தை உருவி, கன்னத்தில் வைத்து அழுத்தினார். கண்ணை மூடியே இருந்தார்.

"என்னங்க?" என்றார் மனைவி.

"மொறமொறங்குது" என்றார். குரல்தான் நனைந்திருந்தது.

நோட்டின் முதல் பக்கம் வெள்ளையாக விரிந்தது. வாஷர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார், தேதி எழுதக் குனிந்தார், நின்றார். பிறகு மனைவியின் வலக்கையைப் பிடித்துத் தன் மடிமேல் இழுத்து, ஒரு வாரம் ஏரிக்கடியில் கிடந்தும் நனையாத அந்த டிஷ்யூவால் ஒவ்வொரு விரலாக ஒற்றித் துடைத்தார். ஐந்தாவது விரலும் காய்ந்தபிறகு, பென்சிலை அந்தக் கையில் வைத்தார்.