சாமி மாடத்தில் ஒரு நார்வே அட்டை

எங்கள் வீட்டில் அஞ்சலட்டை எனக்கு, தபால்தலை அவருக்கு. கல்யாணத்துக்கு முன்பு இதைக் கேட்டவர்கள் எல்லோரும் என்ன பொருத்தம், என்ன பொருத்தம் என்று மெச்சினார்கள். அட்டையிலிருந்து தபால்தலையை எப்படிப் பிரிப்பார்கள் என்று அவர்களும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. தோ பாயோ அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த புதிதில் ஒருநாள் சமையலறையில் ஓர் ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தால், உளுந்து ஊறுவதுபோல் உள்ளே என் போர்ச்சுகல் அட்டை ஊறிக்கொண்டிருந்தது. மஞ்சள் டிராம் வண்டி உப்பிப்போய் மிதந்தது. நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுச் சீனப் பாட்டி கதவைத் திறந்து பார்த்தார்.

அதன்பிறகு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். உறையில் வருகிற தபால்தலைகள் அவருக்கு. அட்டையில் ஒட்டியிருப்பதை அவர் பார்க்கலாம், பெருமூச்சு விடலாம், தொடக்கூடாது. தபால்தலையும் அதன்மேல் முத்திரையும் இல்லாவிட்டால் அது அட்டையா? கடையில் வாங்கிய படம், அவ்வளவுதான். ஆனாலும் மனிதர் நம்பிக்கையை விடவில்லை. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதால், கீழ்த்தளத்துத் தபால்பெட்டிச் சாவியைத் தன் வசம் வைத்துக்கொண்டார். நான் பல் மருத்துவமனையில் வேலை முடித்து வருவதற்குள் அன்றைய தபாலைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து முடித்திருப்பார். தபால்தலையை விரலால் தொடமாட்டார், இடுக்கிதான். விரலில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்குமாம். என்னைத் தொடும்போது மட்டும் அந்தக் கவலை இருந்ததில்லை.

எனக்கு அட்டை அனுப்புகிறவர்களில் நார்வேயின் வடகோடியில் ஓர் அம்மாள் உண்டு. முன்பின் தெரியாதவர்கள் அட்டை மாற்றிக்கொள்ளும் இணையதளம் ஒன்றில் குலுக்கலில் கிடைத்தவர். பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஓர் அட்டையோடு முடிந்திருக்க வேண்டியது, வருடக்கணக்காகத் தொடர்ந்தது. அவர் அனுப்புகிற அட்டையில் எப்போதும் மலை, பனி, படகு. எழுதுவது எப்போதும் பக்கத்து வீட்டுப் பூனையைப் பற்றிய புகார். மையூற்றும் பேனாவில், காற்றடித்துச் சாய்ந்த மாதிரி எழுத்து. ஒருமுறை மின்னஞ்சல் முகவரி கேட்டேன். "எதற்கு? நமக்கு என்ன அவசரம்?" என்று ஒரு மாதம் கழித்து அட்டையில் பதில் வந்தது.

போன வருடம், ஓர் ஆபரேஷனுக்குப் போகிறேன் என்று எழுதினார். என்ன ஆபரேஷன் என்று எழுதவில்லை. அதற்குப்பின் ஒன்றுமே வரவில்லை. நான் அட்டைமேல் அட்டை அனுப்பினேன். யாரிடம் விசாரிப்பது? அவரைப் பற்றி என்னிடம் இருந்ததெல்லாம் ஒரு முகவரியும் ஒரு பூனையின் பெயரும்தான். வேலையிலிருந்து வந்ததும், "இன்னிக்கி ஏதும் வந்துச்சா?" என்பேன். "மின்சார பில்" என்பார்.

சரஸ்வதி பூஜையன்றும் அப்படித்தான் கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றினேன். அவர் அன்று விடுப்பு எடுத்து, தேக்கா சந்தைக்குப் போய்ப் பூ, பொரி எல்லாம் வாங்கிவந்து, வீட்டையே ஒரு வழி பண்ணியிருந்தார். ரைஸ் குக்கரில் குங்குமம், பிரிண்டரில் குங்குமம், வாஷிங் மெஷினுக்கு மூன்று இடத்தில். சாமி மாடத்தில் புத்தகங்கள், என் அட்டை ஆல்பங்கள், அவருடைய தபால்தலை ஆல்பங்கள் எல்லாம் அடுக்கி, பூ வைத்து, பூஜையும் முடிந்திருந்தது. இனி மறுநாள் காலை பூஜை முடிகிறவரை எதையும் எடுக்கக்கூடாது, படிக்கக்கூடாது.

அடுக்கின் மேலே ஓர் அட்டை தனியாக இருந்தது. முகவரிப் பக்கம் தெரிந்தது. நார்வே தபால்தலை.

"என்னங்க இது? எப்ப வந்துச்சு?"

"மத்தியானம்."

"போன் பண்ணி சொல்ல வேண்டியதுதானே?"

"சாமிகிட்ட வச்சாச்சு லா. காலையில எடுத்துக்கலாம்."

வந்த கோபத்துக்கு வாஷிங் மெஷினுக்கு வைத்ததுபோல் அவருக்கும் மூன்று இடத்தில் குங்குமம் வைத்திருப்பேன். கையை நீட்டப்போனவள் அப்போதுதான் கவனித்தேன். முகவரி அச்சடித்தாற்போல் நேர்நேரான எழுத்தில் இருந்தது. அது நார்வே அம்மாளின் எழுத்தே இல்லை. வேறு யாரோ எழுதியது.

அட்டை சேர்க்கிறவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். பரிச்சயமான முகவரியிலிருந்து பரிச்சயமில்லாத கையெழுத்தில் ஓர் அட்டை வந்தால், அநேகமாக அதை எழுதியது மகளோ மருமகனோ. முகவரிக்குப் பக்கத்தில் எழுதியிருந்ததை ஒரு கதம்பச் சரம் பாதிக்கு மேல் மறைத்திருந்தது. பூவை விரலால் ஒதுக்கினால் போதும். நான் ஒன்றும் பெரிய பக்தை இல்லை. பரீட்சைக்கு முந்தின நாள் சாமியிடமிருந்து புத்தகத்தைத் திருடிப் படித்தவள்தான். ஆனால் அன்று கை போகவில்லை. பொறுத்திருந்தால் நல்ல சேதியாக இருக்கும், அவசரப்பட்டு எடுத்தால் கெட்டதாகிவிடும் என்று மனதில் ஒன்று உட்கார்ந்துகொண்டது. என்றோ எழுதி முடித்த அட்டை நான் பொறுத்ததற்காக மாறப்போவதில்லை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் தள்ளி வந்து, பிரசாதச் சுண்டலை மென்றுகொண்டு உட்கார்ந்தேன்.

இன்னொன்றும் உறுத்தியது. அந்தத் தபால்தலையின் நட்டநடுவில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. ஒரு பஃபின் பறவை, நெற்றியில் பொட்டோடு. சந்தனத்தின் ஈரம் பறவையின் அலகு வரை ஊறியிருந்தது. அவர் ஆல்பங்களுக்குக்கூட பிளாஸ்டிக் உறைமேல்தான் பொட்டு வைத்திருந்தார். இந்த மனிதருக்கு என்ன வந்தது என்று நினைத்தேன், கேட்கவில்லை. அவரும் என் முகத்தைப் பார்க்காமல் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

காலையில் கற்பூரம் அணைகிறவரைகூடக் காத்திருக்கவில்லை. எடுத்துப் படித்தேன்.

"நான் சாகவில்லை. ஆபரேஷன் கண்ணில். அது பலிக்கவில்லை, இப்போது ஒன்றும் தெரிவதில்லை. எழுதுவது பக்கத்து வீட்டுக்காரி, ஆகவே இனிமேல் பூனையைப் பற்றி நல்லவிதமாகத்தான் எழுத முடியும். உன் அட்டைகளைத் தடவிப் பார்க்கிறேன். எல்லாம் ஒரே வழவழப்பு. படத்தில் என்ன இருக்கிறது என்று எழுது."

சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்தது. அவர் கற்பூரத் தட்டோடு அப்படியே நின்றார்.

"இறந்துட்டாங்களா?"

"இல்லங்க. இருக்காங்க. கண்ணுதான் போயிடுச்சாம்."

தட்டைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "எழுத்து வேற மாதிரி இருந்துச்சு. நல்ல நாளும் அதுவுமா நீ அழுவேன்னு சாமிகிட்ட வச்சிட்டேன். நானும் படிக்கல" என்றார். "நல்ல சேதியா இருக்கணும்னு நேத்தெல்லாம் கும்பிட்டுக்கிட்டே இருந்தேன் லா."

பஃபினின் பொட்டைப் பார்த்தேன். இடுக்கியால்கூட யோசித்துத் தொடுகிற மனிதர். எனக்கு அவர்மேல் அவ்வளவு பிரியம் வந்தது. சொல்லவும் சொன்னேன். "சரி சரி, காப்பி போடு" என்றார்.

அந்த வாரக் கடைசியில் இருவரும் தேக்காவுக்குப் போய் ஓர் அட்டை வாங்கினோம். பூக்கடைப் படம். இத்தனை வருடம் நூற்றுக்கணக்கில் அட்டை வாங்கியிருக்கிறேன், படத்தில் என்ன இருக்கிறது என்று ஒருமுறைகூட எனக்கு நானே சொல்லிப் பார்த்ததில்லை. காப்பிக்கடை மேசையில் வைத்து எழுத ஆரம்பித்தேன். பூக்கட்டுகிற அம்மாள், அவர் மடியில் நார், தலைக்குமேல் தொங்குகிற மாலைகள்.

"மாலை மஞ்சள்" என்று சொல்லிக்கொண்டே எழுதினேன்.

"மஞ்சள் இல்ல, ஆரஞ்சு" என்றார் அவர்.

"மஞ்சள்தான்."

"நல்லா பாரு. நீ எழுதறதுதான் அவங்களுக்கு."

பேனாவை வைத்துவிட்டு, எழுந்து, அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பிறகு மஞ்சளை அடித்துவிட்டு ஆரஞ்சு என்று எழுதினேன்.