குமிழைத் திருப்பிய கை

பங்காருபேட்டை ஸ்டேஷனில் வண்டி கிளம்பக் காத்திருந்தபோது செய்தி வந்தது. எங்கள் தங்கச் சுரங்கத்தின் மின்சாரப் பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவர் நடைமேடையிலிருந்து ஜன்னலுக்குள் தலையை நீட்டி, "இன்னாபா தனபாலு, விசயம் தெரியுமா? அந்த சங்குக்காரன் காலைல போய்ட்டாம்பா" என்றார். யாரைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் "யாரு?" என்று கேட்டேன். "அதாம்பா, உன் கூட்டாளி, ஞானமுத்து" என்றார். எங்கள் ஊரான ஊரிகத்தில் இறங்கும்வரை அவர் முதலில் சொன்ன பெயர்தான் காதில் ஓடிக்கொண்டிருந்தது. பத்து வருஷமாக ஊர் அவனை அப்படித்தான் கூப்பிடுகிறது. அந்தப் பெயர் அவனுக்கு உரியதல்ல. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

காலமானவரை 'அவன்' என்று எழுதக் கூடாது என்கிறாள் என் மூத்த மகள். அவள் காலேஜ் படித்தவள். நான் எட்டாம் வகுப்பு, அதிலும் கடைசிப் பரீட்சை வாத்தியாரின் இரக்கத்தில் தேறியது. ஆனால் 'அவர்' என்று எழுதினால் யாரோ ஆபீசரைப் பற்றி எழுதுவதுபோல் இருக்கிறது. ஞானமுத்துவைத் தெரிந்தவர்கள் மன்னிப்பார்கள்.

எங்கள் பட்டறையில் வீசி எறிந்த பழைய ரேடியோக்களின் வால்வுகளையும், சர்ச்சில் கழித்துக் கட்டிய ஓர் ஆர்மோனியத்தின் கட்டைகளையும் சேர்த்து அவன் ஒரு வாத்தியம் செய்தான். கட்டையை அழுத்தினால் எங்கிருந்தோ விசில் அடிப்பதுபோல் சத்தம் வரும். பக்கத்தில் ஒரு கறுப்புக் குமிழ். அதைத் திருப்பினால் அந்தச் சத்தம் மேலே ஏறும், கீழே இறங்கும். கட்டைகளை அவன் வாசிப்பான். குமிழைத் திருப்புவது என் வேலை. வேறு எந்த வேலைக்கும் நான் லாயக்கில்லை. வைகாசிப் பௌர்ணமி ஊர்வலத்தில் நான் கை தட்டியதால் மேளக்காரருக்கே தாளம் தப்பியது என்று என் அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவன் பெயரையும் தன் பெயரோடு சேர்த்து நோட்டீஸில் 'பட்டறை இரட்டையர்' என்று போட்டான் ஞானமுத்து. வாத்தியத்தின் சுவிட்சைப் போட்டவுடன் நான் குமிழில் கை வைத்தால் தட்டிவிடுவான். "வால்வு சூடேறட்டும்டா. அப்புறமா வாயத் தொற" என்பான். அவன் எதற்கும் சொல்வது அதுதான்.

கிறிஸ்துமஸ் நடனங்களில் எங்கள் வாசிப்பைக் கேட்ட ஒருவர் மூலமாக பெங்களூரில் ஓர் இசைத்தட்டுக் கம்பெனி எங்களைக் கூப்பிட்டது. ஆட்டத்துக்கான மெட்டு. ஞானமுத்து போட்டது. கூடவே சுவிட்ச் பெட்டியின் 'டக் டக்' தாளம். பதிவு செய்கிறவர் இரண்டு தடவை கேட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது, ஆனால் நடுவில் ஆடுகிறவர்கள் துள்ளி எழுகிற மாதிரி ஒன்று வேண்டும் என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். குமிழை அடியிலிருந்து மேலே ஏற்றி, சட்டென்று நிறுத்தி, மறுபடி ஏற்றினேன். அந்த மனிதர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

ஞானமுத்துவின் முகம் மாறியது. என்னை ஓரமாகக் கூட்டிப்போய், "இது வேணாண்டா. இது நம்ம சங்கு" என்றான்.

அவன் சொன்னது என்னவென்று சுரங்கத்தை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஷிப்டுக்கு ஷிப்டு எங்கள் சங்கு, அதாவது சுரங்கத்து சைரன், ஒரே மூச்சாக நீளமாக ஊதும். நேரமில்லாத நேரத்தில் விட்டு விட்டு ஊதினால் கீழே விபத்து. அந்தச் சத்தம் கேட்டால் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டுப் பெண்கள் சுரங்க வாயான ஷாப்டுக்கு ஓடுவார்கள்.

"பெங்களூர்ல ஆடறவனுக்கு சங்கு இன்னா தெரியும்? நம்ம ஊர்ல எவன் ரெக்கார்ட் வாங்கிப் போடப் போறான்?" என்றேன். மேலும் பேசினேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை என் சங்கீத அறிவை ஒருவர் பாராட்டியிருக்கிறார், விடுவேனா? கடைசியில் அவன் கட்டைகளின் முன் உட்கார்ந்தான். என்னைப் பார்க்காமலே வாசித்தான்.

தட்டு வெளிவந்து, பிய்த்துக்கொண்டு போனது. பெங்களூர் ஓட்டல்களில் இறுக்கிப் பிடித்த கால்சட்டை போட்ட பிள்ளைகள் சங்கு வருகிற இடத்தில் கைகளைத் தூக்கிக் குதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நானும் என் வீட்டுக்குள் ஒருமுறை குதித்துப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு ஊரிகத்தில் ஒரு கல்யாணம். எங்கள் பட்டறைக்காரர் வீட்டு விசேஷம். முற்பகல் வேளை, காலை ஷிப்டு கீழே இருந்தது. ரேடியோ செட்டுக்காரர் எங்களைக் கௌரவிக்கிறதாக நினைத்து, வேப்பமரத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கரில் அந்தத் தட்டைப் போட்டார். பந்தலில் இருந்தவர்களுக்கு அது பாட்டு. மூன்று லைன் தள்ளி இருந்தவர்களுக்குத் தாளம் கேட்கவில்லை, மெட்டு கேட்கவில்லை. சங்கு மட்டும் கேட்டது.

நாங்கள் ஆடிக்கொண்டிருந்தோம். அவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஷாப்டு கேட்டில் இருந்தவர்கள் ஒன்றும் நடக்கவில்லை, வீட்டுக்குப் போங்கள் என்றார்களாம். ஒருத்தியும் நகரவில்லை. நிஜமாகவே நடந்த நாட்களிலும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள். ஷிப்டு முடிந்து கூண்டு கூண்டாக ஆட்கள் மேலே வரும்வரை அந்தப் பெண்கள் வெயிலில் நின்றார்கள்.

தன் மகன் மேலே வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு கனகம்மா பந்தலுக்கு வந்தார். அவருடைய கணவர் ஆறு வருஷத்துக்கு முன் பாறை வெடித்து இறந்தவர். ஓடும்போது விழுந்திருக்கிறார். முழங்காலில் புடவை கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது. சாப்பாட்டுப் பந்தி பாதியில் நின்றது.

"அந்த சங்க ஊதினது எவன்?" என்று கேட்டார்.

ரேடியோ செட்டுக்காரர் எங்கள் இருவரையும் காட்டினார். கனகம்மா என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "ரெண்டு பேர்ல எவன்டா?"

"நான்தாம்மா" என்றான் ஞானமுத்து.

நான் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டான் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் வாய் திறக்கிற மாதிரி இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

"என் ஊட்டுக்காரன் செத்த அன்னிக்கி ஊதின சங்குடா அது. அதுக்கு ஆடறீங்களா? ஆடுங்க. நல்லா ஆடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் போனார். அவர் கத்தவில்லை.

மறுநாள் கேன்டீனில், "ஏன்டா அப்டி சொன்ன?" என்று கேட்டேன்.

"உனுக்கு மூணு பொண்ணு. நாளைக்கிக் கட்டிக் குடுக்கணும். எனுக்கு யாரு கீறாங்க? நானே வெச்சிக்கிறேன், உடு."

"அது எப்டிடா..." என்றேன். விருந்தில் இன்னொரு கரண்டி சோறு வேண்டாம் என்போமே, அந்த அளவுக்கு மறுத்தேன். டீ ஆறுவதற்குள் விஷயம் முடிந்துவிட்டது. அந்த வாரமே வாத்தியத்தைப் பிரித்துப் போட்டான். குமிழை மட்டும் கழற்றி என் கையில் கொடுத்தான்.

அதற்குப் பிறகு அவனை ஒருவரும் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை. குழாயடியில் கனகம்மா நின்றால் தலையைக் குனிந்துகொண்டு போவான். போன வருஷம் என் மூத்த மகளின் நிச்சயதார்த்தத்துக்கு அவன் வந்தான். ஆனால் விருந்தாளியாக அல்ல. மத்தியானமே வந்து வாசலில் சீரியல் பல்பு கட்டினான். மாப்பிள்ளை வீட்டார் வருகிற நேரம் பார்த்து ஏணியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். சங்குக்காரன் வீட்டுக்குள் இருக்கிறான் என்று யாரும் முகம் சுளிக்கக் கூடாதாம். "சாப்டுட்டுப் போடா" என்று கூப்பிட்டேன். அவன் தெருக்கோடிக்குப் போன பிறகு, அங்கே எட்டாத குரலில் கூப்பிட்டேன்.

சாவு வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர்தான் இருந்தோம். கனகம்மா வந்தார். முகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம், "சங்கு ஊதினவன் போய்ட்டான். பாவம், உடு" என்றார். நான் தலையை ஆட்டினேன். அன்றைக்கும் ஆட்டத்தான் தெரிந்தது.

கல்லறையிலிருந்து திரும்பி வந்து இதை எழுத உட்கார்ந்தேன். வால்வு சூடேற எனக்குப் பத்து வருஷம் ஆகியிருக்கிறது. எழுதியதை உங்கள் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன், கனகம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதால், நேரில் போய் வாசித்துக் காட்டினேன். குமிழையும் கொண்டுபோயிருந்தேன். அவர் அதைத் தொடவில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே முழுதும் கேட்டார்.

"பத்து வருசமா அந்த மனுசன் என்னக் கண்டா தலையக் குனிஞ்சிக்கினு போவாரு" என்றார். "நீ மட்டும், நல்லா கீறியா கனகம்மான்னு கேட்டுக்கினு போவ."

அவ்வளவுதான் சொன்னார். தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார்.

குமிழ் என் மேஜையில் இருக்கிறது. அதை ஞானமுத்துவின் நினைவாக வைத்திருக்கிறேன் என்று சொல்ல மாட்டேன். அது முதலிலிருந்தே என்னுடையது. அவனுடையது என்று நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். இப்போது குழாயடியைத் தாண்டும்போது நான் தலையைக் குனிந்துகொண்டு போகிறேன். அவனுக்கு வந்ததுபோல் எனக்கு அது இன்னும் சரியாக வரவில்லை.